டிஸ்னிலாண்ட் பயணமும் சின்னவனின் கிளினிக் கொப்பியும்

வாசகர் கேள்வி: குழந்தை மருத்துவர் ஒருவரின் பதில்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஐந்தரை வயது, உயரம் 106 சென்ரிமீற்றர். மகனுக்கு யூன் கடைசியில் மூன்று வயது நிறைகிறது, உயரம் 92. கணவரின் தமக்கை பரிஸில் இருக்கிறார். அவருடைய மகளின் சாமத்தியவீடு ஓகஸ்ட் முற்பகுதியில். "இரண்டு கிழமை வந்து நில்லுங்கோ, பிள்ளைகளை டிஸ்னிலாண்டுக்கும் கூட்டிக்கொண்டு போவம்" என்று சொல்லி, விசாவுக்கு வேண்டிய கடிதங்களையும் மச்சாள் அனுப்பிவிட்டார். யூலை கடைசிக் கிழமையில் பயணம். போய் இறங்கிய மறுநாளே டிஸ்னிலாண்ட் என்பது மச்சாளின் திட்டம். ஒரே நாளில் அங்குள்ள இரண்டு பார்க்கையும் பார்ப்பது, காலையில் கதவு திறக்கும்போது உள்ளே போய் இரவு வாணவேடிக்கை முடிந்த பிறகு வெளியே வருவது.

தாயின் கவலை சின்னவனைப் பற்றியது. அவனுக்குத் தொய்வு (ஆஸ்த்துமா) இருக்கிறது. தை மாதம் மூன்று நாள் வார்ட்டில் இருந்தான். பத்து நாளைக்கு முன்னமும் இரவில் இருமி எழும்பியிருக்கிறான். போன வருடம் நல்லூர்த் தேரன்று சனத்தையும் மேளத்தையும் கண்டு தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினானாம். அதே கூட்டத்தில் மகள் பத்து நிமிடம் கைதவறிப் போய்க் கிடைத்திருக்கிறாள். அதனால் "சின்னவனை அம்மம்மாவோட விட்டிட்டுப் போங்கோ, அவனுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்கப்போறதில்லை" என்கிறார் மாமி. பிளேனில் அழாமலிருக்கப் பிரிட்டோன் பாணி கொடுக்கச் சொல்கிறார் ஒருவர். மூன்று வயதுக்குக் கீழே ரிக்கற் இல்லை, ஆகவே இரண்டு என்று சொல்லுங்கள் என்கிறார் இன்னொருவர். மகளுக்குத் தடித்த அடிச் சப்பாத்துப் போட்டால் பெரிய ரோலர் கோஸ்ரரிலும் ஏற்றலாம் என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். அழுதாலும் ஒருதரம் ஏற்றிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்பது கணவரின் எண்ணம். கடைசியில் ஒரு வரி: "டொக்டர், மகள் தினமும் கேட்கிறாள், அந்த இளவரசிக்குத் தமிழ் தெரியுமோ எண்டு. நான் என்ன சொல்ல?"

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் உங்கள் மேல் உள்ள அன்பில்தான். ஆனால் அந்த யோசனைகள் எல்லாம் ரிக்கற்றை வைத்து, செலவை வைத்து, மச்சாளின் லீவை வைத்து வந்தவை. நான் வேறு இடத்தில் தொடங்கப் போகிறேன். இந்தப் பயணத்தின் திட்டம் உங்கள் வீட்டில் ஆகச் சின்ன உடம்பிலிருந்து எழும்ப வேண்டும். அவன் எப்போது நித்திரை கொள்கிறான், எவ்வளவு நேரம் நிற்பான், எதற்கு மூச்சு முட்டும், எந்தச் சத்தத்துக்கு நடுங்குவான் என்பதைப் பார்த்துத் திட்டம் போட்டால் மற்ற மூவருக்கும் அந்த நாள் நல்ல நாளாய் இருக்கும். பெரிய ஆக்களின் வசதிக்குப் போட்ட திட்டத்துக்குள் பிள்ளையைத் திணித்தால், பின்னேரம் நான்கு மணிக்கு எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு நிற்பீர்கள்.

சின்னவனை விட்டுவிட்டுப் போகலாமா?

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அவனை அம்மம்மாவோடு விடுவது, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவது, அல்லது எல்லாவற்றையும் இரண்டு வருடம் தள்ளிப்போடுவது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு 'இரண்டு கிழமை' என்றால் என்னவென்று தெரியாது. நாளைக்கு என்ற சொல்லே அவனுக்கு இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் ஒரே நாளில் காணாமல் போனால், அம்மம்மா எவ்வளவு அன்பாய்ப் பார்த்தாலும் அவன் தேடுவான். சில பிள்ளைகள் அழுவார்கள். சிலர் அழாமல் சாப்பாட்டை விடுவார்கள், பழக்கிய ஒண்டுக்கை மறுபடி படுக்கையில் போவார்கள், பெற்றோர் திரும்பி வந்த பிறகும் கிழமைக்கணக்கில் சேலைத்தலைப்பை விடமாட்டார்கள். இரவில் இன்னும் உங்கள் பக்கத்தில்தான் படுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தோடு நடுச்சாமத்தில் முட்டு இழுத்தால் மூச்சு மருந்துப் பம்பைப் பாவிக்கத் தெரிந்தவர் நீங்கள். அந்தப் பொறுப்பை அறுபத்தெட்டு வயது அம்மாவின் தலையில் வைத்துவிட்டுப் போனால், பரிஸில் உங்களுக்கும் நித்திரை வராது.

ஞாபகம் இருக்காது என்பது உண்மைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்கு முந்திய சம்பவங்கள் பிறகு நினைவில் நிற்பதில்லை. ஆனால் அதை வைத்து வீண் என்று சொல்ல என்னால் முடியாது. நீங்கள் அவனுக்குப் பால் கொடுத்ததும் கதை சொன்னதும் அவனுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. அதனால் அவை வீணாகவில்லையே. அந்த நேரத்தில் அவன் பயமில்லாமல், உங்கள் மடியில் இருந்துகொண்டு ஒன்றைப் பார்த்துச் சிரித்தால் அதுவே போதும்.

தள்ளிப்போடுவதில் நியாயம் உண்டு. ஐந்து வயதில் அவனுக்கு உயரமும் இருக்கும், சொன்னால் விளங்கும், பம்பர்ஸ் தேவையில்லை. ஆனால் சாமத்தியவீடு இரண்டு வருடம் காத்திருக்காது. ஆகவே என் எண்ணம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான். ஒரேயொரு நிபந்தனை வைக்கிறேன். தொய்வு கட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

பயணத்துக்கு முன் உடம்பு

பத்து நாளைக்கு முன் இரவில் இருமி எழும்பினான் என்றால் அவனுடைய தொய்வு இன்னும் கட்டுப்படவில்லை. முட்டு வரும்போது பாவிக்கும் நீலப் பம்ப் கிழமையில் எத்தனை தரம் தேவைப்படுகிறது, ஓடி விளையாடும்போது இருமுகிறானா, இரவில் எழும்புகிறானா என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். அதைக் கொண்டுபோய் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்தக் கிழமையே காட்டுங்கள். தினமும் எடுக்கும் தடுப்புப் பம்ப் கொடுத்திருந்தால், "இப்ப இருமல் இல்லையே" என்று நிற்பாட்டிவிடாதீர்கள். தாய்மார் ஆகக் கூடுதலாய்ச் செய்கிற பிழை இதுதான். பயணத்துக்கு முந்திய ஒரு மாதமாவது இரவு இருமல் இல்லாமல் போனால் நான் நிம்மதியாய் வழியனுப்புவேன். இல்லையென்றால் விசா வந்திருந்தாலும் மறுபடி யோசியுங்கள்.

நீலப் பம்பும், அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் கைப்பையில் வரவேண்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போன கதை எனக்குத் தெரியும். மருந்தின் பெயர், அளவு, ஏன் பாவிக்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை மருத்துவரிடம் வாங்குங்கள். பிரான்சில் அவசரம் என்றால் 15 அல்லது 112 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது தொய்வை மறைக்காதீர்கள். பிரான்சுக்குப் போக எடுக்கும் செங்கன் விசாவுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி கேட்பார்கள். ஏற்கெனவே இருந்த வருத்தத்தைச் சொல்லாமல் எடுத்த காப்புறுதி, தேவை வருகிற நேரத்தில் உதவாமல் போகலாம்.

இனி அவனுடைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். எங்கள் நாட்டு அட்டவணைப்படி, சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு, றுபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி ஒன்பது மாதத்தில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றும் போடப்படுகிறது. உங்கள் மகனுக்கு இரண்டாவது ஊசி வர வேண்டிய நேரமும் பயணமும் கிட்டத்தட்ட ஒன்றாய் வந்து நிற்கின்றன. இதை நான் பெரிதாய்ச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியத்தில் 2024இல் 1,27,350 பேருக்குச் சின்னமுத்து வந்ததாகப் பதிவானது, 1997க்குப் பிறகு அதுதான் ஆகக் கூடிய எண்ணிக்கை. சின்னமுத்து காற்றில் பரவுகிறது. நோய் உள்ள ஒரு பிள்ளை இருமிவிட்டுப் போன அறைக்குள் அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் போகிறவருக்கும் அது தொற்றலாம். பல நாட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். யூன் கடைசியில் மூன்று வயது முடிந்தவுடன், பயணத்துக்கு இரண்டு கிழமையாவது இடைவெளி விட்டு, ஊசி போட்டாக வேண்டும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே திகதியைச் சொல்லி வையுங்கள். மகளுக்கு இரண்டும் போட்டாயிற்றா என்பதையும் கொப்பியில் பாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

பிரிட்டோன் விடயத்துக்கு வருகிறேன். அது தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் கொடுக்கிற மருந்து. நித்திரை வருவது அதன் பக்கவிளைவு. சில பிள்ளைகளுக்கு நித்திரைக்குப் பதிலாய் வெறி பிடித்த மாதிரித் துள்ளல்தான் வரும். பதினொரு மணித்தியாலம் ஆகாயத்தில் இருக்கிறபோதா அதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? தொய்வுள்ள பிள்ளையை, உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில், மருந்தால் மயக்கி வைப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பிளேன் இறங்கும்போது பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் காது அடைத்து நோவதால். அந்த நேரம் தண்ணீரோ பாலோ சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுத்தால் காது திறக்கும். மகளுக்கு ஒரு இனிப்புப் போதும். தடிமன் இருந்தால் பயணத்துக்கு முன் காட்டுங்கள்.

இன்னுமொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போய், அப்படியே பிளேன் ஏறுவது எங்கள் ஆக்களின் வழக்கம். சின்னப் பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள். வெள்ளவத்தையில் உறவினர் வீடு ஒன்றில் ஓரிரவு தங்கி, குளித்து, சோறு சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பிப் போங்கள்.

அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன

மச்சாளின் திட்டத்தில் நான் ஆகக் கூடுதலாய் மறுக்கிற இடம் இது. கோடையில் பரிஸ் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. பிள்ளைகளின் உடம்பு போனவுடன் பரிஸ் மணிக்கு மாறாது. யாழ்ப்பாண மணியில்தான் சில நாள் ஓடும். இங்கே காலை ஆறரைக்கு எழும்புகிற சின்னவன் அங்கே அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி இருந்து புட்டுக் கேட்பான். இங்கே இரவு எட்டரைக்குப் படுக்கிறவனுக்கு அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கே கண் சொக்கும்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் பரிஸில் சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டிவிடும். இருட்டிய பிறகுதான் வாணவேடிக்கை. பத்தரைக்குத் தொடங்குகிறது என்று வையுங்கள், உங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு அப்போது விடியப்புறம் இரண்டு மணி. அந்த நேரத்தில் வெடிச்சத்தமும் புகையும் சனமும் ஒன்றாய் வந்தால், தேரன்று கத்தியதைவிடக் கூடுதலாய்க் கத்துவான். வாணவேடிக்கைப் புகை தொய்வைக் கிளப்பும் என்பது தனி.

ஆகவே போய் இறங்கிய மறுநாள் எங்கும் வேண்டாம். ஐந்தாறு நாள் போகட்டும். காலையில் வெளிச்சத்தில் பிள்ளைகளை நடக்க விடுங்கள், அது உடம்பின் மணிக்கூட்டைத் திருப்பும். லா சப்பல் பக்கம் போய் எங்கள் கடைகளைப் பாருங்கள், மச்சாள் வீட்டு வேலைகளில் கைகொடுங்கள். முடிந்தால் சனி, ஞாயிறை விட்டுக் கிழமை நாளில் போங்கள். ஓகஸ்ட் அங்கே பாடசாலை விடுமுறை, எந்த நாளும் சனம் இருக்கும், இருந்தாலும் வித்தியாசம் தெரியும். சாமத்தியவீட்டுக்கு முதல் நாளாய் மட்டும் வைக்காதீர்கள்.

உயரக் கட்டையும் தடித்த சப்பாத்தும்

டிஸ்னிலாண்ட் பரிஸ் 1992 ஏப்பிரலில் திறந்தது, நகரத்திலிருந்து கிழக்கே 32 கிலோமீற்றர். பெரியவர்களுக்கான ஓட்டங்களின் வாசலில் உயரம் அளக்கும் கட்டை நிற்கும். பிக் தண்டர் மவுண்டன் என்ற சுரங்க ரயிலுக்கு 102 சென்ரிமீற்றர், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120. வேறொன்றுக்கு 140 வேண்டும். உங்கள் மகள் 106. முதலாவதில் ஏறலாம், மற்றவற்றில் ஏறக்கூடாது.

இது விற்பனைக்காரன் போட்ட கட்டுப்பாடு இல்லை, தங்கச்சி. சின்னப் பிள்ளையின் தலை உடம்போடு பார்க்கப் பெரிது, அதைத் தாங்கும் கழுத்துத் தசையோ இன்னும் இளசு. வேகமாய் வளைந்து திரும்பும்போது அந்தத் தலை வீசப்படும். மடிக்கு மேல் இறங்கும் இரும்புச் சட்டம் இடுப்பு எலும்பில் பிடிக்க வேண்டும். குள்ளமான பிள்ளையில் அது வயிற்றில் இருக்கும், அல்லது இடைவெளி விட்டுவிடும். சப்பாத்தின் அடி தடித்தால் கட்டையில் அளவு கூடும். இடுப்பும் கழுத்தும் அதே இடத்தில்தான் இருக்கும். மச்சாளிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

102 என்பது ஏறலாம் என்ற அனுமதி மட்டும். ஏறித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. அவள் வாசலில் நின்று மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுவிட்டு "வேண்டாம் அப்பா" என்றால், வேண்டாம்தான். உங்கள் கணவர் சொல்லும் 'ஒருதரம் ஏற்றினால் பயம் தெளியும்' என்பதை நானும் ஒருகாலத்தில் நம்பினேன். என் மகனுக்கு நாலரை வயது இருக்கும்போது ஒரு காணிவேலில் ஆடும் படகில் வலுக்கட்டாயமாய் ஏற்றினேன். முதல் வீச்சிலேயே என் சேட்டுக் கொலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், தையல் பிரிந்து ஒரு பொத்தான் கீழே விழுந்தது. படகு நிற்கும்வரை அவன் அழவில்லை, மூச்சுவிடவே மறந்தவன்போல் இருந்தான். இறங்கி வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் பஸ் ஒரு வளைவில் திரும்பினாலே என் கையைத் தேடுவான். ஒரு மருத்துவனாய் இருந்தும் எனக்கு அந்த நேரம் விளங்கவில்லை. பயந்த பிள்ளைக்குத் தேவை, பயத்தை விட்டு விலக ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கை. அதை நான் அன்று பறித்தேன். தூரத்தில் நின்று பார்க்க விடுங்கள். மறுபடி ஒருக்கால் பார்க்க விடுங்கள். அவளாய்க் கேட்டால் ஏற்றுங்கள்.

பெரிய தலை முகமூடி போட்டு வரும் பாத்திரங்களும் அப்படித்தான். இரண்டு, மூன்று வயதில் உள்ளே ஆள் இருக்கிறார் என்பது பிள்ளைக்கு விளங்காது. படத்துக்காகச் சின்னவனைப் பக்கத்தில் தள்ளாதீர்கள்.

நீங்களும் கணவரும் ஒரு பெரிய ஓட்டத்தில் ஏற விரும்பினால், 'பேபி சுவிச்' என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு நிற்பார், பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் அவர் ஏறலாம். வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். பிள்ளை பெற்றதற்காக நீங்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதில்லை.

வயதைக் குறைத்துச் சொல்வது

அங்கே மூன்று வயதுக்குக் கீழே இலவசம், மூன்றிலிருந்து பதினொன்றுவரை சிறுவர் ரிக்கற். நீங்கள் போகும்போது மகனுக்கு மூன்று நிறைந்திருக்கும், கடவுச்சீட்டிலும் அதுதான் இருக்கும். காசு பெரிது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐந்தரை வயது அக்கா பக்கத்தில் நிற்பாள். "தம்பிக்கு மூண்டு வயசெல்லோ அம்மா" என்று உரத்துச் சொல்லப்போகிறவள் அவள்தான். இரண்டு பார்க்குக்கும் சேர்த்து எடுக்கும் ரிக்கற்றை விட்டு, ஒரு பார்க்குக்கு மட்டும் எடுங்கள். அதில் மிச்சம் வருகிற காசில் அவனுடைய ரிக்கற்றில் ஒரு பங்கு கழிந்துவிடும்.

அந்த ஒரு நாள்

பழைய பார்க் ஒன்றே உங்களுக்குப் போதும், அதிலேயே பாதியைப் பார்க்காமல்தான் வருவீர்கள். உயரக் கட்டுப்பாடு இல்லாதவை அங்கே நிறைய. பொம்மைகள் பாடும் படகு, பறக்கும் யானை, குதிரை ராட்டினம், கேசி ஜூனியர் என்ற சின்ன ரயில், செடிகளால் செய்த புதிர்ப்பாதை. பார்க்கைச் சுற்றி நீராவி ரயில் ஒன்றும் ஓடுகிறது. யாழ்தேவி போகிற சத்தம் கேட்டால் வேலிக்கு ஓடுகிறவன் என்று மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த ரயிலில் அவனை முதலில் ஏற்றுங்கள். இரண்டாம் தரமும் கேட்டால் இரண்டாம் தரமும் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் தவறிப்போகுதே என்று மனம் அடிக்கும், அடிக்கட்டும். பேய் வீடும் இருட்டுக்குள் விழும் படகும் உயரம் கேட்பதில்லை என்பதற்காகச் சின்னவனுக்கு ஏற்றவை ஆகிவிடாது. அவற்றுக்குள் அவனைக் கொண்டுபோக வேண்டாம்.

பரிஸ் நகரத்திலிருந்து வரும் ஆர்இஆர் ஏ ரயிலின் கடைசித் தரிப்பிடம் பார்க்கின் வாசலிலேயே இருக்கிறது. திறக்கும் நேரத்துக்கு நில்லுங்கள், அதிகாலையில் எழும்புகிற பிள்ளைகளுக்கு அது கஷ்டமில்லை. முதல் இரண்டு மணித்தியாலத்தில் வரிசை குறைவு, மகள் ஆகக் கூடுதலாய் ஆசைப்படுகிற இரண்டை அப்போது முடியுங்கள். எந்த இரண்டு என்று வீட்டிலேயே அவளைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அவ்வளவுதான் திட்டம். மிச்சம் வந்தால் வரட்டும்.

பரிஸ் ஆக்கள் 'புசெத்' என்று சொல்கிற பிள்ளை வண்டிலை மச்சாள் வீட்டில் இரவல் வாங்குங்கள். அவன் நடப்பான்தான், ஆனால் அந்த இடத்தில் ஒரு நாளில் பெரியவர்களே பல கிலோமீற்றர் நடந்துவிடுவார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நிழலில் வண்டிலைச் சாய்த்து, மெல்லிய துணி ஒன்றைப் பக்கமாய்த் தொங்கவிட்டுப் படுக்க வையுங்கள். முழுவதும் மூடாதீர்கள், உள்ளே வெக்கை ஏறும். அந்த ஒரு மணித்தியாலம் மகளும் தகப்பனும் போய் வரட்டும்.

சாப்பாட்டுக்கு மத்தியானம்வரை பொறுக்காதீர்கள், அங்கே பசி வரிசையைவிட முந்தி வரும். காலையில் மச்சாள் வீட்டில் ரொட்டியும் முட்டையும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். தண்ணீர் அரைமணிக்கு ஒருதரம் இரண்டு மிடறு, கேட்டாலும் கேட்காவிட்டாலும். உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் கொடுக்கும் ஜீவனித் தூள் இரண்டு பைக்கற் கைப்பையில் இருக்கட்டும், பாவிக்கும் நேரம் பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்கள். சாப்பிட்ட கையோடு சுழலும் கோப்பைகளில் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மகளை ஒண்டுக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "இல்லை அம்மா, வரேல்லை" என்பாள், இருந்தும் கூட்டிக்கொண்டு போங்கள். அடக்கி அடக்கிச் சலக்கிருமி வந்த பெண்பிள்ளைகளைப் பயணங்களுக்குப் பிறகு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரதான வீதியின் கடைசியில், சாப்பாட்டுக்கடைப் பக்கமாய், குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. உடுப்பு மாற்றவும் பால் சூடாக்கவும் அங்கே வசதி உண்டு.

பின்னேரம் நான்கு மணிக்கு வெளிக்கிடுங்கள். அழுகை தொடங்க முதல் வெளிக்கிட வேண்டும், தொடங்கிய பிறகு இல்லை. மச்சாளும் பெரிய பிள்ளைகளும் வாணவேடிக்கை பார்க்க நிற்கட்டும், நீங்கள் நால்வரும் ரயில் ஏறுங்கள். அவர்கள் மனம் கோணும் என்று யோசிக்கிறீர்கள் என்றால் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று சொல்லும்போதுதான் மனத்தாங்கல் வரும்.

கைதவறிப் போனால்

நல்லூரில் மகள் தவறியபோது ஒலிபெருக்கியில் தமிழில் பெயர் சொன்னார்கள், அவளும் கேட்டாள், யாரோ ஒரு அம்மா கையைப் பிடித்து நின்றார். அங்கே அறிவித்தாலும் அவளுக்கு விளங்காது. ஆகவே அன்று காலை வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகளையும், அன்று போட்டிருக்கும் உடுப்போடு, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கையின் உட்புறத்தில் மச்சாளின் இலக்கத்தை +33 உடன் பேனையால் எழுதி, மேலே ஒளிபுகும் ஒட்டுநாடா ஒட்டுங்கள், வியர்வைக்கு அழியாது. சேட்டில் பெயரைப் பெரிதாய் எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

மகளுக்கு ஒரே ஒரு பாடம்: காணாவிட்டால் தேடி ஓடாதே, நின்ற இடத்தில் நில், நெஞ்சில் பெயர்த்தகடு குத்தியிருக்கும் ஆளிடம் கையைக் காட்டு. இதை இப்போதே திருநெல்வேலிச் சந்தையில் ஒருநாள் விளையாட்டாய்ப் பழக்குங்கள். நீங்கள் நாலடி தள்ளி நின்று, அவள் நிற்கிறாளா என்று பாருங்கள். யார் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்பதையும் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஐந்து பெரியவர்கள் ஒன்றாய்ப் போகிற இடத்தில்தான் பிள்ளைகள் கூடுதலாய்த் தவறுகிறார்கள், எல்லாரும் மற்றவர் பார்க்கிறார் என்று இருந்துவிடுவதால்.

மகளின் கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள். அந்த இளவரசிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாமத்தியவீட்டுப் பிள்ளை, அவளுடைய மச்சாள், அங்கே பிறந்தவள், பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவள். இளவரசியிடம் என்ன கேட்க வேண்டும் என்று மகள் அவளிடம் தமிழில் சொல்லட்டும், அவள் பிரெஞ்சில் கேட்டுச் சொல்வாள். இப்போதிருந்தே 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் வீட்டில் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். பரிஸில் இருக்கிற அந்தப் பெரிய பிள்ளைக்கும் தன் சின்ன மச்சாளுக்கு மொழிபெயர்ப்பாளராய் நிற்பது பிடிக்கும்.

மூன்று வயது ஊசி போட்ட பிறகு, கொப்பியையும் இருமல் எழுதிய தாளையும் கொண்டுபோய் அவனுடைய மருத்துவரிடம் இன்னொரு தரம் காட்டிவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.